கையைக் கட்டும் கருவியும் கண்ணைத் திறக்கும் கருவியும்

பந்து வீசுவோனின் முழங்கை மடங்காதவாறு பூட்டும் பட்டை, துடுப்பை நேர்கோட்டிற் செலுத்தப் பழக்கும் தடம், மணிக்கட்டிற் கட்டியதும் அசைவை எண்ணாக்கிக் காட்டும் சின்னஞ்சிறு பெட்டி என்றிவ்வாறு உடலசைவைத் திருத்தும் கருவிகள் பலவும் இந்நாளில் விற்பனைக்கு வந்துள்ளன. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய பாடசாலைகளோடு அவை நிற்கவில்லை. பழைய மாணவரின் கொடையாலும் வெளிநாட்டு உறவினரின் பரிவாலும் பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்துப் பாடசாலைகளையும் எட்டிப் பார்க்கின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும், இவற்றை விற்போர் ஓயாது சொல்லும் ‘சரியான அசைவு’ என்னுந் தொடர் என்னை உறுத்துகின்றது. சரி என்பதை வகுத்தவர் யார்? எவருடைய உடலைக் கண்டு வகுத்தார்? தமிழ் இலக்கணம் படிப்பிப்பவன் விளையாட்டுத் திடலில் வந்து கேட்கும் வினாவா இது என்று நண்பர் சிலர் நகைப்பர். இலக்கணம் படிப்பிப்பவனே கேட்கவேண்டிய வினா என்பது என் துணிபு.

இதற்கு விடை தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்த பாட்டனாரின் பேரனாய்க் கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனின் வலக்கை வரலாறே போதும். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றபோது அவர் முதலில் மித வேகப் பந்துவீச்சாளரே. பதினான்காம் வயதிற் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்ன அறிவுரையாலே சுழற்பந்துக்கு மாறினார். அவருடைய முழங்கை பிறவியிலேயே முற்ற நிமிராதது. தோளின் சுழற்சியும் மணிக்கட்டின் நெகிழ்ச்சியும் பிறரிடங் காணாதவை. அந்தக் கையை நேராக்கியே தீர்வேன் என்று எவரேனும் அன்று ஒரு பட்டையைப் பூட்டியிருந்தால், பின்னர் உலகம் கண்ட 800 டெஸ்ட் விக்கெட்டுகளும் இல்லை. பயிற்றுநர் பூட்டவில்லை. கையைப் பார்த்தார், அக்கைக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தார்.

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ணில், பந்துவீச்சு முனையில் நின்ற நடுவர் டரல் ஹெயர், பந்தை எறிகிறார் என்று கூறி ஏழு முறை அவருடைய பந்துகளை முறையற்றவை என அறிவித்தார். பத்து நாள் கழித்து 1996 ஜனவரியிற் பிரிஸ்பேனில் மற்றொரு நடுவர் ரோஸ் எமர்சன் அதனையே செய்தார். அப்பொழுது முறையற்றவையென ஒதுக்கப்பட்டவற்றுள் லெக் பிரேக் வகைப் பந்துகளுஞ் சில உண்டு. அவ்வகையை முழங்கை நீட்டி எறிவது ஏறத்தாழ இயலாத செயல் என்று ஆட்டம் அறிந்தோர் கூறுவர். நடுவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லேன். தம் கண்ணுக்குத் தோன்றியதையே அவர்கள் சொன்னார்கள். கண்ணுக்குத் தோன்றியது பிழை என்பதே செய்தி.

அவ்வாண்டே மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அக்கை அளந்து ஆராயப்பட்டது. எறிவதுபோன்ற தோற்றம் கண்மயக்கே என்பது அந்த ஆய்வுகளின் முடிவு. ஆயினும் ஐயம் ஓயவில்லை. 1999இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டுங் குற்றங் கூற, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றதும் பலர் நினைவிலிருக்கும். ஈற்றில் 2004இல் முரளிதரன் தாமே ஒரு கருவியைக் கையிற் பூட்டினார். உரமான பிளாஸ்டிக்கினுள் உருக்குக் கம்பிகள் பதித்து, அவருடைய வலக்கைக்கென்றே வார்த்த கவசம் அது. நீளம் ஏறத்தாழ 46 சென்ரிமீற்றர், நிறை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதனை அணிந்து, தாம் வழக்கமாக வீசும் மூவகைப் பந்துகளையும் வீசிக் காட்டினார். அந்தப் படம் 2004 ஜூலை 22ஆந் திகதி இங்கிலாந்துத் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. அதனைத் தானும் பூட்டிப் பார்த்த அறிவிப்பாளர் மார்க் நிக்கலஸ், இதற்குள்ளே கை மடங்க வழியே இல்லை என்று உறுதி கூறினார். கவசத்தின் பாரத்தால் வேகம் சற்றுக் குறைந்தது, சுழற்சி குறையவில்லை. (ஆறாண்டு கழித்து அதே ஜூலை 22ஆந் திகதி காலியில் அவர் தம் எண்ணூறாவது விக்கெட்டை வீழ்த்தியது தற்செயலே எனினும் குறித்து மகிழத்தக்கது.)

இதில் வியப்பு யாதெனில், கவசம் பூட்டிய நிலையிலும் பார்ப்போர் கண்ணுக்குக் கை மடங்கி நிமிர்வது போலவே தோன்றிற்று! மடங்கவே இயலாத கை மடங்குகின்றதாகக் கண் சாட்சி சொல்லிற்று. ஆகவே அந்தக் கருவி முரளிதரனுக்கு எதனையும் கற்பிக்கவில்லை; நமக்குக் கற்பித்தது. அசைவைத் திருத்துங் கருவிகளைப் பற்றி எண்ணும்போது இவ்வேறுபாட்டை விட்டுவிடலாகாது. ஒருவகைக் கருவி ஆடுவோனின் கையைக் கட்டுகின்றது. மற்றது பார்ப்போனின் கண்ணைத் திறக்கின்றது. பெயரளவில் இரண்டும் பயிற்சிக் கருவிகளே. பயனில் மலையும் மடுவும்.

அதே 2004இல், ‘தூஸ்ரா’ என்னும் எதிர்ச்சுழற் பந்தின்மேல் முறைப்பாடு எழுந்தபோது நிகழ்ந்ததும் ஈண்டுக் கருதத்தக்கது. மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது அப்பந்தில் முழங்கை நிமிர்வு சராசரி 14 பாகை. திருத்தப் பயிற்சியின் பின் அது 10.2 பாகையாகக் குறைந்தது. இங்கே கட்டு ஒன்றும் இல்லை. அளவு காட்டப்பட்டது, வீரர் தம் உடலைத் தாமே திருத்திக்கொண்டார். ஆனாலும் அந்நாளைய சட்டம் சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகையே அனுமதித்தது. வேகப்பந்து வீச்சாளருக்கோ 10 பாகை. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் என்ன என்று கேட்டவர்க்கு நேரான விடை கிடைக்கவில்லை.

பின்னர்தான் சர்வதேச கிரிக்கெட் பேரவை செய்யவேண்டியதைச் செய்தது. அதன் ஆய்வாளர் பல நாட்டுப் பந்துவீச்சாளரையும் படம் பிடித்து அளந்தனர். பழுதற்ற கை என்று புகழ் பெற்றிருந்த வேகப்பந்து வீச்சாளர் சிலரின் முழங்கையும் 10 பாகைக்கு மேல் நிமிர்வது அப்பொழுது வெளியாயிற்று. நேர்கை என்று நூலில் எழுதிவைத்த கை உலகில் அரிதினும் அரிது! ஆகவே 2005 மார்ச் முதல் எல்லார்க்கும் பொதுவாக 15 பாகை என்னும் எல்லை நடைமுறைக்கு வந்தது. முரளிதரனுக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று இன்றும் சிலர் குறை கூறுவர். இலக்கணம் பயின்றோர் அவ்வாறு கூறார். இலக்கியத்தைக் கண்ட பின்னரே அதற்கு இலக்கணம் என்பது நம் முன்னோர் கொண்ட முறை. ஆளப்படும் மொழியை ஆராயாது வகுத்த விதி, ஆளுவோர் அனைவரையும் வழுவினராக்கிவிடும். கிரிக்கெட்டுச் சட்டம் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. அளவுகருவி வந்த பின் அது தன் வழுவைத் தானே கண்டது.

உடலசைவு பற்றிய அறிவு விளையாட்டாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியப் பிறப்பியல் முழுவதும் உடலசைவு பற்றியதே. உந்தியிலிருந்து எழுங்காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தாகும் வகையை அது எடுத்துரைக்கின்றது. நா நுனி மேல் நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ழகரம் பிறக்கும் என்பதும் அங்கே உண்டு. இனி, ஒரு பிள்ளை ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பளம்’ என்கின்றது. ஆசிரியர் என்ன செய்வார்? நாவைக் குறட்டாற் பிடித்து வளைத்துவிடுவாரா? தாம் சொல்லிக் காட்டுவார். வாயைத் திறந்து காட்டுவார். பிள்ளையைச் சொல்லச் செய்து, ஒலியைக் கேட்கச் செய்வார். பிள்ளை தன் நாவைத் தேடுவதில்லை; ஒலியைத் தேடுகின்றது. ஒலி சரியாகும் நாளில் நா தானே தன்னிடம் சேர்ந்திருக்கும்.

இதனை மேனாட்டு ஆய்வும் ஆதரிக்கின்றது. 1998இல் கபிரியேல் வுல்ஃப் என்னும் பெண்மணியாரும் அவர்தங் குழுவினரும் பனிச்சறுக்கல் பழக்கும் பொறி ஒன்றின்மேல் மாணாக்கரை ஏற்றினர். ஒரு சாரார்க்கு உங்கள் பாதங்களை எண்ணுங்கள் என்றும், மற்றொரு சாரார்க்குப் பாதங்களின் கீழுள்ள பொறியின் சில்லுகளை எண்ணுங்கள் என்றுஞ் சொல்லினர். சில்லை எண்ணியவரே விரைவிலும் நிலையாகவும் கற்றனர். தன் உறுப்பை ஓயாது எண்ணுவோன் தடுமாறுகின்றான். உறுப்பால் ஆகும் பயனை எண்ணுவோன் தேறுகின்றான். முழங்கைப் பட்டையோ பிள்ளையை இடையறாது முழங்கையையே எண்ணச் செய்கின்றது.

உடலைக் கருவியில் மாட்டிக் கற்பிக்க முயன்றவரும் உலகில் உண்டு. 1920களில் மொஸ்கோவில் அலெக்சி காஸ்தெவ் என்பவர், கவிஞராகவும் விளங்கியவர், தொழிலாளர்க்கு வேலை பழக்க ஒரு நிலையம் நடத்தினார். சுத்தியல் அடிக்கும் முறையைப் பழக்க, பொறி ஒன்று சுத்தியலை அசைக்க, கற்போர் அதைப் பற்றியபடி நிற்பர். பொறி கையை இழுத்துச் செல்லும். சந்தம் உடலில் ஏறும் என்பது எண்ணம். அந்நிலையத்திலேயே பணியாற்றிய நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் என்னும் உடலியலறிஞர், தேர்ந்த தொழிலாளரின் கையை விளக்கொளிப் படங்களால் அளந்தார். சுத்தியல் விழும் இடம் மாறவில்லை. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சிறிது வெவ்வேறாகவே அசைந்தன! ஓர் உறுப்பிற் குறைந்ததை மற்றோர் உறுப்பு ஈடுசெய்தது. ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்வது தேர்ச்சியன்று. ஒரே பயனை வெவ்வேறு அசைவாற் பெறவல்லதே தேர்ச்சி. ஒருபுறம் கையை ஒரே வழியில் இழுக்கும் பொறி, மறுபுறம் தேர்ந்த கைக்கு அப்படி ஒரே வழி இல்லை என்று காட்டும் படம். இரண்டும் ஒரே நிலையத்தில் இருந்தன என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வருகின்றது, சிந்தனையும் வருகின்றது.

அவ்வாறாயின் கருவியே வேண்டாமா? அன்று. நம் தோட்டங்களிலேயே நல்ல கருவி ஒன்று உண்டு. கொழுந்து பறிப்போர் தேயிலைச் செடியின் தலைமேல் மெல்லிய கம்பு ஒன்றைக் கிடத்துவர், மட்டக்கம்பு என்பர். கம்புக்கு மேல் நிற்பது பறிக்கத்தக்கது, கீழுள்ளது விடத்தக்கது. புதிதாய் மலைக்கு வந்த பெண்ணின் விரலை அது பிடிப்பதில்லை. எவ்வாறு குனிவது, எந்த விரலாற் கிள்ளுவது என்று ஆணையிடுவதில்லை. மட்டத்தை மட்டும் காட்டுகின்றது. விரல் தன் வழியைத் தானே கண்டுகொள்கின்றது. பழகிய கை பின்னர் கம்பின்றியே மட்டம் அறியும். ஊவா மலைக்காற்றில் தலைக்கூடையோடு நாள் முழுதும் சரிவில் நிற்கும் அக்கைகளின் வேகத்தை எந்தப் பயிற்சி நூலும் எழுதவில்லை என்பது வேறு கதை.

கர்லாக்கட்டையும் அத்தகையதே. நம் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் மல்லரும் சிலம்பரும் சுழற்றிய அந்த மரக்கட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது. கட்டையின் பாரம் நுனியில் திரண்டிருப்பதால், தோளைத் தவறாகத் திருப்புவோனை அது தானே இழுத்துத் தள்ளாடச் செய்யும். சரியாகத் திருப்புவோனுக்கோ சுழற்சி இலகுவாகும். மல்லர் கம்பத்தில் பிடி தவறினால் வழுக்குவதும் அவ்வாறே. இக்கருவிகள் உடலைக் கட்டுவதில்லை. பிழையைக் கடினமாக்கி, நல்வழியைத் திறந்துவிடுகின்றன. எவர் தோளுக்கு எது நல்வழியோ அதனை அவர் தோளே காண்கின்றது.

கருவியைப் பூட்டினால் அதனை எப்பொழுது கழற்றுவது என்பதும் பெரிய கேள்வி. ரிச்சர்ட் ஷ்மிட் முதலிய ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இதனை ஆராய்ந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் உடனுக்குடன் சரி பிழை கேட்டுப் பழகியவர் பயிற்சி வேளையில் நன்றாகவே செய்வர். அந்த உதவி நீங்கியதும் தளர்வர். இடைவிட்டுக் கேட்டவரே பின்னர் நிலைத்து நிற்பர் என்பது அதன் சாரம். கோனார் உரையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பாட்டுக்குப் பொருள் சொல்லும் மாணவனைப் பரீட்சை மண்டபத்திற் கண்டவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லா உடலும் தத்தம் போக்கிலே போகட்டும் என்று விட்டுவிட இயலாது. வேகப்பந்து வீசும் இளைஞர் சிலர் இடுப்பை ஒரு திசைக்கும் தோளை மற்றொரு திசைக்குமாகத் திருப்பி முதுகை முறுக்குவர். அந்தக் கலப்பு முறை இடுப்பு முள்ளெலும்பில் வெடிப்பு உண்டாக்குவதற்கு ஏதுவாகும் என்பது பல்லாண்டு ஆய்வுகள் காட்டிய உண்மை. அத்தகைய பிள்ளையைத் திருத்தாது விடும் ஆசிரியர் கடமை தவறியவரே. உடலுக்கு ஊறு, ஆட்டச் சட்டத்துக்கு மீறல் என்னும் இரு வேலிகளுக்குள் திருத்தத்துக்கு இடமுண்டு. அவ்விரண்டும் இல்லாத இடத்தில், பார்க்க அழகாயில்லை, புத்தகத்துப் படம்போல் இல்லை என்பதற்காகத் திருத்துவது எனக்கு உடன்பாடன்று.

நம் மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகள் ஆடும் இடத்தை எண்ணிப் பார்க்க. பலர்க்குச் சமதரையே கிடைப்பதில்லை. பிரட்டுக்களத்தின் ஓரத்திலோ, லயத்து முற்றத்திலோ, வளைந்து செல்லும் தோட்டப் பாதையிலோ ரென்னிஸ் பந்தால் ஆடுவர். பந்து தேயிலைக்குள் உருண்டால் அன்றைய ஆட்டம் அதோடு சரி. சரிவில் ஓடி வந்து வீசிப் பழகியவனின் காலடி, கொழும்புப் புற்றரையில் வளர்ந்தவனின் காலடியைப் போல இராது. குறுகிய முற்றத்தில் ஆடுபவன் மணிக்கட்டாலேயே பந்தைத் திருப்பக் கற்பான். இவற்றையெல்லாம் பிழை என்று முதல் நாளே பட்டை பூட்டித் திருத்தப் புகுவது, பேச்சுத்தமிழோடு வரும் பிள்ளையை முதல் நாளே வழுவெனச் சொல்லி வாயடைக்கும் ஆசிரியரின் செயலோடு ஒக்கும். அவ்வாறு வாயடைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் பின்னர் வாய் திறக்கவேயில்லை என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர்.

அப்படியாயின் ஊர்ப் பாடசாலைக்கு எது தக்கது? முதலிற் பார்க்குங் கருவி. இன்று பெற்றோர் பலரின் கைத்தொலைபேசியே மெதுவசைவுப் படம் பிடிக்கும். எனினும் ஓர் எச்சரிக்கை. ஒரு பக்கத்திலிருந்து பிடித்த படத்தைக் கொண்டு முழங்கையின் பாகையைச் சொல்லலாகாது. ஆய்வுகூடத்திற் பல படக்கருவிகளைச் சுற்றி நிறுத்தி, கையிற் குறிகள் ஒட்டி அளப்பது வீண் ஆரவாரமன்று. திருகிச் சுழலுங் கையை ஒரே திசையிலிருந்து பார்த்தால் மடங்காததும் மடங்கியதாகத் தோன்றும். மெல்பேர்ணில் நடுவர் கண்ணுக்கு நேர்ந்தது அதுவே. ஆகவே இரண்டு மூன்று திசைகளிலிருந்து பிடிக்க வேண்டும். பிடித்த படத்தை முதலிற் பிள்ளைக்குக் காட்டி, நீ என்ன காண்கிறாய் என்று கேட்க வேண்டும். ஆசிரியர் வாய் திறப்பது அதன் பின். ஐயம் வலுத்தால் அளக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்வது மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு இயலாத காரியமன்று. அடுத்து, மட்டக்கம்பின் வழியில் வந்த எளிய பொருள்கள்: பந்து விழவேண்டிய இடத்திற் சுண்ணாம்புக் கோடு, துடுப்பு போகும் வழியின் இருபுறமும் நட்ட இரண்டு குச்சி, காலடி வைக்கும் இடத்திற் கிடத்திய ஒரு பழைய கயிறு. விலை இல்லை; வேண்டியபோது எடுத்துவிடலாம்.

கொடையாக வந்த பட்டைகளை என்ன செய்வது என்று கேட்பாரும் உளர். எறிந்துவிட வேண்டியதில்லை. விளையாட்டு அறையிலிருந்து அவற்றை விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு மாற்றுக. முரளிதரனின் 2004ஆம் ஆண்டுச் சோதனையை ஒரு வகுப்பிலே மீளச் செய்யலாம். ஒரு மாணவன் பட்டையோடு ஆறு பந்தும் பட்டையின்றி ஆறு பந்தும் வீசட்டும். பட்டை தெரியாதபடி நீள்கைச் சட்டை அணியட்டும். வகுப்பில் ஒரு பாதி நேரே நின்றும் மறுபாதி பக்கத்தில் நின்றும் பார்த்து, எந்தெந்தப் பந்தில் கை மடங்கியது என்று தத்தம் தாளில் எழுதட்டும். எல்லாத் தாள்களையுஞ் சேர்த்த பின்னரே சட்டைக்கையை மடித்துக் காட்ட வேண்டும். விளையாட்டாசிரியரும் அதிபரும் உடனிருந்து எழுதினால் மிக நன்று. எழுதியதைப் பின்னர் அழிக்க மட்டும் எவரையும் விடலாகாது.